பரஸ்தானம் வைத்த டிக்கெட்

ஐம்பதுகளில் எங்கள் ஊரில் ரயிலுக்கு இடம் பிடிப்பது என்றால் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவது. அவ்வளவுதான். வண்டி நிற்பதற்கு முன்பே அப்பா கூடவே நாலெட்டு ஓடுவார். தோளில் கிடக்கும் துண்டை உருவி உள்ளே விசிறுவார். பிறகு, "அது நம்ம எடம்! நம்ம எடம்!" என்று சத்தம் போடுவார். துண்டு விழுந்த பலகை எங்களுடையது. அதை யாரும் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. துண்டுக்கு இருந்த மரியாதையா, அப்பாவின் குரலுக்கு இருந்த மரியாதையா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் திண்டுக்கல்லில் ஒரு வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறுகிறவர். காலையில் அவர் விலை சொல்ல ஆரம்பித்தால் பஸ் ஸ்டாண்டில் காப்பி குடிப்பவனுக்குத் தார் என்ன விலை என்று தெரிந்துவிடும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம்தான்.

டிக்கெட் வாங்குவதும் அப்படித்தான். வண்டி வருவதற்குச் சற்று முன்னால்தான் கவுண்டர் திறக்கும். உள்ளே ஒரு கை தெரியும், முகம் தெரியாது. அந்தக் கை ஒரு சின்னக் கெட்டி அட்டையை எடுத்து, தேதி குத்துகிற இயந்திரத்தில் விட்டு எடுக்கும். 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால்தான் அம்மாவுக்குப் பிரயாணம் உறுதி. பழனிக்குப் போனாலும் சரி, மெட்ராஸுக்குப் போனாலும் சரி, முன்கூட்டிச் செய்யவேண்டியது கட்டுச்சோறு ஒன்றுதான். கண்ணில் கரித்தூள் விழும். காலை நீட்ட முடியாது. எதிரே இருப்பவர் மடியில் வைத்துப் பலாப்பழம் உரிப்பார். ஆனால் எப்படியும் ஏறிவிடுவோம். ஏற முடியாமல் போகும் என்ற யோசனையே எங்களுக்கு இருந்ததில்லை.

அறுபதுகளில் எங்களைப் போன்ற மூன்றாம் வகுப்புக்காரர்களுக்கும் ரிசர்வேஷன் பழக்கத்துக்கு வந்தது. அதை அம்மாவுக்கு நான்தான் விளக்கினேன். நான் அப்போது ஒரு பஞ்சாலை ஆபீஸில் குமாஸ்தா. இருபத்து மூன்று வயது. உலகத்தில் புதிதாக எது வந்தாலும் அதை வீட்டில் விளக்கிச் சொல்வது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நாம போறதுக்கு முன்னாடியே நம்ம பேரு போயி உக்காந்துக்கிருமா?" என்று கேட்டாள் அம்மா.

"ஆமா. பெட்டியில ஒட்டியிருப்பான். வேற யாரும் உக்கார முடியாது."

"அப்ப அதுவும் பரஸ்தானந்தான்னு சொல்லு."

பரஸ்தானம் எங்கள் வீட்டில் சாதாரண விஷயம். நாள் சரியில்லாத நாளில் ஊருக்குக் கிளம்ப வேண்டி வந்தால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில் பிரயாணப் பை ஒன்றை வீட்டைவிட்டு வெளியேற்றி, போகிற திசையில் இருக்கும் வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகவே கணக்கு. பிறகு என்றைக்குப் போனாலும் தோஷம் இல்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு: வைத்த பை திரும்ப வீட்டுக்கு வரக்கூடாது. கிளம்பிப் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு அப்படியே போய்விட வேண்டும்.

அப்பாவுக்குக் குரல் கம்ம ஆரம்பித்தது தை மாதத்தில். பனங்கற்கண்டு போட்ட பால், சித்தரத்தைக் கஷாயம், உப்பு வெந்நீர் என்று ஒரு மாதம் போனது. மண்டியில் பக்கத்தில் ஒருவனை வைத்துக்கொண்டு, அவன் காதில் இவர் விலையைச் சொல்ல, அவன் கத்தினான். அதை ஒருநாள் நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். மதுரையில் காட்டினோம். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். மெட்ராஸில் அச்சகத்தில் வேலை பார்த்த சித்தப்பா வந்து அழைத்துப் போனார். மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து கடிதம் வந்தது.

அடுத்த வியாழக்கிழமை காலை ஆபரேஷன். மறுநாள் பெரிய வெள்ளி, விடுமுறை, அதனால் அதற்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். உயிருக்குப் பயமில்லை. ஆனால் தொண்டையில் எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டால் அதன் பிறகு பேச்சு வராது. பேச வேண்டியதை எல்லாம் முன்னாலேயே பேசிக்கொள்ளும்படி டாக்டர் சொல்கிறார். அண்ணன் அண்ணியிடம் ஏதோ சொல்ல வேண்டுமாம், கேட்டால் என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார். ஆபரேஷனுக்கு முன்னால் அண்ணியைக் கூட்டி வந்துவிடு. இதுதான் கடிதம்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

"ஏதோ சொல்லணுமாம்னா போட்டிருக்கு?"

"ஆமா."

"என்னான்னு போடலையா?"

"போடலைம்மா."

அவள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். ஊருக்கே கேட்கும்படி விலை சொல்கிறவர், வீட்டில் அம்மாவிடம் பேசி நான் கேட்டதெல்லாம் 'சோறு போடு', 'வாரேன்' என்ற இரண்டுதான். அவளுக்கென்று தனியாகச் சொல்ல அவரிடம் ஒன்று இருக்கிறது என்பது அவளுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு முழுவதும் அவள் முகத்தில் பயமும் இருந்தது, வெட்கமும் இருந்தது.

"திங்கக்கெழமையே போயிருவமா?" என்று கேட்டாள். "செவ்வா, புதன் ரெண்டு நாளும் வடக்க சூலம்."

சூலம் என்றால், அந்தந்தக் கிழமையில் அந்தந்தத் திசைக்குப் பிரயாணம் ஆகாது. மெட்ராஸ் எங்களுக்கு வடக்கு. திங்கட்கிழமையே போயிருக்கலாம். துண்டைப் போட்டு, முட்டி மோதி, எப்படியாவது போயிருக்கலாம். நான்தான் ரிசர்வேஷன் இல்லாமல் அம்மாவைக் கூட்டிப் போவதில்லை என்று நின்றேன். பங்குனி உத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது, பழனிக்குப் போகிற கூட்டத்தில் எல்லா வண்டியும் பிதுங்கிக்கொண்டு போனது. அவளைப் படுக்கவைத்து, அலுங்காமல் கொண்டுபோய் இறக்குவேன் என்று சொன்னேன். நல்ல எண்ணந்தான். கூடவே கொஞ்சம் திமிரும் இருந்தது என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்வதில் எனக்கு நஷ்டமில்லை.

திண்டுக்கல்லுக்கென்று அந்த வண்டியில் ஒதுக்கியிருந்தது ஏதோ சில இடங்கள். ஸ்டேஷனில் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் மதுரைக்குத் தந்தி அடிப்பார்கள். பதில் தந்தி வந்தால் இடம் உண்டு. வராவிட்டால் மறுபடி போய் நிற்க வேண்டும். சனிக்கிழமை மூன்று தடவை போனேன். "இன்னும் வரலை தம்பி. செத்த நேரம் கழிச்சு வாங்க" என்றார் புக்கிங் கிளார்க், மூன்று தடவையும். ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. திங்களுக்கு இல்லை, செவ்வாய்க்கு இல்லை, புதன்கிழமை சாயங்கால வண்டியில் இரண்டு இடம் உண்டு. டிக்கெட் அட்டைகளோடு, பெட்டியும் இட எண்ணும் எழுதிய சீட்டைக் குண்டூசி குத்திக் கொடுத்தார். பதினேழு, பதினெட்டு. வேலைக்கு உத்தரவு வந்தபோதுகூட நான் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நடந்து வீட்டுக்குப் போனதில்லை.

புதன்கிழமை என்றதும் அம்மாவுக்கு முகம் சுருங்கியது. சண்டை போட்டோம். கடைசியில் அவள் இறங்கி வந்தாள்: திங்கட்கிழமையே பரஸ்தானம் வைத்துவிடுவது. எங்கள் தெருவுக்கு வடக்கே, ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒரு கத்தோலிக்கக் குடும்பம் இருந்தது. புருஷன், பெண்டாட்டி இருவருமே பள்ளிக்கூட ஆசிரியர்கள். டீச்சரம்மா அம்மாவுக்குக் குழாயடிச் சிநேகம். அவர்கள் வீட்டில் பை வைப்பதாக முடிவானது.

மஞ்சள் பையில் அம்மா ஒரு சேலை, அப்பாவுக்கு ஒரு வேட்டி, ஒரு செம்பு, துணியில் முடிந்த கைப்பிடி அரிசி எல்லாம் எடுத்துவைத்தாள். எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம். "அப்ப டிக்கெட்டையும் அதுலயே வச்சு அனுப்பு. நம்ம பேருல எழுதுனது அதுதான? அது கெளம்பிட்டா நாம கெளம்புனாப்புலதான?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நீ கிண்டலுக்குச் சொல்ற. ஆனா நல்ல யோசனை சொல்லிருக்க அப்பு" என்றாள். டிக்கெட்டையும் சீட்டையும் மஞ்சள் துணியில் அரிசியோடு சேர்த்து முடிந்து பைக்குள் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கவில்லை. மறுநாள் ஆபீஸில் இதைச் சொல்லி நாலு பேரைச் சிரிக்கவும் வைத்தேன்.

புதன்கிழமை ஆலையில் கணக்குத் தணிக்கை. நாலு மணிக்கே வருகிறேன் என்று சொன்னவன் ஐந்து மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்தேன். அம்மா குளித்து, கட்டுச்சோற்றுப் பையோடு வாசலில் நின்றாள். வண்டி ஏழு மணிக்கு. நேரம் நிறைய இருந்தது. வழியில் பையை எடுத்துக்கொண்டு போவதுதானே என்று நடந்தோம். டீச்சர் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்தாள். "அவுக ஆத்தூர்ப் பக்கம் சொந்த ஊருக்குப் போயிட்டாகளே. நாளைக்குப் பெரிய வியாழன்ல? காலையிலதான் போறதா இருந்தாக. ஊருல இருந்து மத்தியானமே வண்டி வந்துருச்சு. டீச்சரம்மா ஒங்க பையைத் தூக்கிக்கிட்டு ஒங்க வீட்டுக்கு வந்துச்சே, பாக்கலையா?"

அம்மா அந்த நேரத்தில் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் ஆலையில் இருந்தேன்.

"பூட்டிக் கெடக்குன்னு திரும்பி வந்துச்சு. எங்கிட்டக் குடு, நான் அவுக பக்கத்து வீட்டுல குடுத்துர்றேன்னேன். வேணாங்க்கா, அது பரஸ்தானம் வச்ச பை, திரும்பி அந்தத் தெருவுக்கே போகக்கூடாது, நான் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டேன்னு சொல்லி உள்ளயே வச்சுப் பூட்டிருச்சு. அதுக்குள்ள வண்டிக்காரன் அவசரப்படுத்துனான்."

வேறு மதத்துக்காரி. எங்கள் வழக்கத்துக்கு எங்களைவிட அதிகம் மரியாதை கொடுத்திருக்கிறாள். இதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது? "சாவி?" என்று கேட்டேன். எதிர்வீட்டு அம்மாளுக்குத் தெரியவில்லை.

ஆத்தூர்ப் பக்கம் போய்த் திரும்ப நேரம் இல்லை. அது திண்டுக்கல் பூட்டு. மாங்காய் வடிவத்தில், கையளவு. இந்தியா முழுவதும் எங்கள் ஊர்ப் பூட்டை நம்பித் தூங்குகிறது என்று நாங்கள் பெருமை பேசுவது வழக்கம். அந்தப் பெருமை என் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு பூட்டுப் பட்டறை இருந்தது. ஓடினேன். பட்டறைக்காரர் அரத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"வீட்டுக்காரர் இருக்காரா?"

"இல்லண்ணே. ஊருக்குப் போயிட்டாங்க. உள்ள எங்க பை இருக்கு. அப்பாவுக்கு ஆபரேஷன்."

"ஒன்னையத் தெரியும் தம்பி. ஒங்கப்பாவையும் தெரியும். ஆனா வீட்டுக்காரர் வந்து நின்னு தெறன்னு சொல்லாம நாங்க பூட்டுல கை வைக்கிறதில்ல. இன்னைக்கு ஒனக்காகத் தெறந்தேன்னு வையி, நாளைக்கு இந்த ஊருல ஒரு பய எங்கிட்டப் பூட்டு வாங்க மாட்டான்." அவர் குரலில் கடுமையே இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

திரும்பி வந்து ஒரு கல்லை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்ப்பா. நல்ல நாளும் அதுவுமா ஒடச்ச வீட்டுக்கா அந்தப் புள்ளை திரும்பி வரணும்? பேருதான் பெட்டியில இருக்குன்னியே. நாம போயிச் சொல்லுவோம்."

ஸ்டேஷனுக்குப் போனோம். சனிக்கிழமை மூன்று தடவை என்னைப் பார்த்த அதே கிளார்க். கேட்டுவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஒங்க பேரு லிஸ்ட்ல இருக்கும். ஆனா டிக்கெட்டுக் கையில இல்லாம எடம் குடுக்க மாட்டாங்க தம்பி. தொலைச்சீங்களா, வித்தீங்களான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? வேற டிக்கெட் வாங்கி ஜெனரல்ல ஏறிருங்க." வாங்கினேன். அதே டக் சத்தம். அம்மா அதைக் கேட்டு நிம்மதியாகத் தலையாட்டியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

வண்டி வந்தது. எங்கள் பெட்டியின் கதவருகே ஒட்டியிருந்த தாளில் என் பெயரும், அதற்குக் கீழே அம்மாவின் பெயரும் இருந்தன. பரிசோதகரிடம் நான் தமிழில் சொன்னேன், இங்கிலீஷில் சொன்னேன், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "டிக்கெட்டைக் காட்டுங்க, ஏறுங்க" என்பதைத் தவிர அவரிடம் வேறு வார்த்தை இல்லை. ஜன்னல் வழியாகப் பதினேழும் பதினெட்டும் தெரிந்தன. இரண்டும் காலியாக இருந்தன. அம்மா அந்தக் காலி இடத்தைப் பார்த்து, "அதுதானா நம்ம எடம்?" என்று கேட்டாள். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு ஆள் தகரப் பெட்டியோடு உள்ளே போய் அங்கே உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தார்.

ஜெனரல் பெட்டிக்கு ஓடினோம். உத்திரம் முடிந்து பழனியிலிருந்து திரும்புகிற கூட்டம். மொட்டைத் தலையும் சந்தனமும் பஞ்சாமிர்த டப்பாக்களுமாகக் கதவு வரை அடைத்திருந்தது. பெண்கள் பெட்டியில் கைப்பிடியில்கூட இடமில்லை. ஒரே பௌர்ணமிதான். அதை வைத்துத்தான் பழனியில் உத்திரம் வருகிறது, அதை வைத்துத்தான் டீச்சரம்மாவுக்குப் பெரிய வியாழனும் வருகிறது. அதே நிலா ஒரு வீட்டைப் பூட்டி, ஒரு ரயிலை நிரப்பிவிட்டது. இதெல்லாம் பின்னால் உட்கார்ந்து யோசித்தது. அப்போது எனக்கு மூச்சு மட்டும்தான் வாங்கியது.

ஒரு ஜன்னலில் மொட்டை போட்ட பெரியவர் ஒருவர் கை நீட்டினார். "நீங்க முன்னால ஏறுங்க. ஏறி அம்மாவ இழுங்க. நாங்க புடிக்கிறோம்" என்றார். சரியான யோசனைதான். கட்டுச்சோற்றுப் பையோடு என்னைத் தலைகீழாக உள்ளே இழுத்துப் போட்டார்கள். யாருடைய மடியிலோ விழுந்து, எழுந்து, திரும்பி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன். அம்மாவின் இரண்டு கையும் என் கைக்குள் வந்தன. வண்டி நகர்ந்தது.

அவள் நாலெட்டு கூடவே வந்தாள். "நீ போ அப்பு! நீ போயிரு! நான் நாளைக்கு வாரேன்னு சொல்லு!" என்றாள். கையை அவள்தான் விடுவித்துக்கொண்டாள். அபாயச் சங்கிலி பெட்டியின் அந்தப் பக்கம் இருந்தது. நடுவில் மனிதச் சுவர். கை எட்டவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். எட்டவில்லை என்பது உண்மை. கத்தியிருந்தால் யாராவது இழுத்திருப்பார்கள் என்பதும் உண்மை. எனக்குக் கத்தத் தோன்றவில்லை.

வண்டி ஸ்டேஷனைத் தாண்டியதும் ஒரு காலை ஊன்ற இடம் கிடைத்தது. கையில் இருந்த பை கசங்கி, அப்பாவுக்கென்று அம்மா கட்டிய பருப்புப்பொடிப் பொட்டலம் பிரிந்துவிட்டது. அதைத் திரும்பக் கட்டலாம் என்று காகிதத்தை எடுத்தேன். ஏதோ ஒரு பிள்ளையின் பழைய பரீட்சைத் தாள். பின்பக்கத்தில் வரிவரியாக, அழகான ஆசிரியர் எழுத்து: 'அக்கா, அவசரமாக ஊருக்குப் போகிறோம். சாவி கோயில் உபதேசியார் வீட்டில் இருக்கிறது. தம்பி வந்ததும் வாங்கித் திறந்து பையை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்காக ஜெபிக்கிறோம்.' டீச்சரம்மா ஊருக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, எங்கள் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறாள். அம்மா கோயிலிலிருந்து வந்து பார்த்து, யார் வீட்டுப் பிள்ளையின் தாளோ பறந்து வந்து கிடக்கிறது என்று எடுத்துப் பொடியை மடித்திருக்கிறாள்.

உபதேசியார் வீடு சர்ச்சை ஒட்டி இருந்தது, எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான். நான் அந்தக் காகிதத்தை ஜன்னல் வழியாக வெளியே விட்டேன். பக்கத்தில் இருந்தவர் என்ன ஏது என்று கேட்டார். அழுதேன். அவர் பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்து கொஞ்சம் என் கையில் வைத்தார்.

எழும்பூரில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அப்பாவைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துவிட்டார்கள். ஆபரேஷன் அறைக்குப் போகிற நடையில் நிறுத்தியிருந்தார்கள். சித்தப்பா என்னைக் கண்டதும் என் பின்னால் பார்த்தார். அப்பாவும் என் பின்னால்தான் பார்த்தார்.

"ஒங்கம்மா எங்கலே?" குரல் உடைந்து, காற்றாகத்தான் வந்தது. அந்தக் குரலைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது.

"அடுத்த வண்டியில வாராங்கப்பா. கூட்டம். ஏற முடியல."

அவர் மறுபடி என் பின்னால் நடையின் கோடியைப் பார்த்தார்.

"என்னமோ சொல்லணும்னீங்களாமே. என்கிட்டச் சொல்லுங்கப்பா. நான் அம்மாட்ட அப்படியே சொல்லிர்றேன்."

"ஒங்கிட்டச் சொல்றதா அது?" என்றார். சிரிக்கப் பார்த்தார். ஆள் வந்து வண்டியைத் தள்ளத் தொடங்கினான். நானும் கூடவே நடந்தேன். கதவுக்குப் பக்கத்தில் அவர் என் சட்டையைப் பிடித்தார். அது கசங்கி, பித்தான் அறுந்து, கரியாக இருந்தது.

"ராவெல்லாம் நின்னுக்கிட்டா வந்த? உக்கார எடம் கெடைக்கலையாலே?"

அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. நான் பதில் சொல்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அம்மா வெள்ளிக்கிழமை காலையில், ரெட்டியார்சத்திரத்து மாமாவோடு வந்து சேர்ந்தாள். கழுத்தில் கட்டுப் போட்டுக் கிடந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்த்தார். வாய் அசைந்தது. அவள் காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரிந்தும் நெடுநேரம் அப்படியே குனிந்திருந்தாள்.

அப்பா அதன் பிறகு ஏழு வருஷம் இருந்தார். மண்டியில் தார் எண்ணுகிற வேலை கொடுத்தார்கள். வீட்டில் ஒரு சிலேட்டு இருந்தது. வேண்டியதை அதில் எழுதுவார், நானோ, அதுவரை மாமா வீட்டில் தங்கிப் படித்துவிட்டுத் திரும்பி வந்த என் தங்கையோ அம்மாவுக்கு வாசித்துச் சொல்வோம். 'வெந்நீர்.' 'மழை வரும், துணியை எடு.' 'மாமாவுக்குக் கடிதம் போடு.' எங்கள் வாய் வழியாகப் போகத்தக்கது மட்டும்தான் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வியாழக்கிழமை விஷயத்தை அவர் சிலேட்டில் எழுதவே இல்லை.

நான் மறைத்த காகித விஷயம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஈஸ்டர் முடிந்து திரும்பிய டீச்சரம்மா, "சீட்டு எழுதி வச்சேனே அக்கா" என்று கேட்டுவிட்டாள். அம்மா எங்கள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுமாதத்திலிருந்து தினமும் சாயங்காலம் டீச்சரம்மா வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்தாள். நாற்பத்தெட்டு வயதில் அ, ஆ. சோறு வடிக்கும்போது தரையில் கரித்துண்டால் எழுதிப் பார்ப்பாள், கால் சத்தம் கேட்டால் அழித்துவிடுவாள். எழுத்துக் கூட்டுகிற அளவுக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பா சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் அறைக்குள் வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அம்மா சிலேட்டைத் துடைத்து அவர் மடியில் வைத்தாள். குச்சியையும் கையில் கொடுத்தாள்.

"எனக்கு இப்ப வாசிக்கத் தெரியும்" என்றாள். "அன்னைக்கு என்ன சொல்ல நெனச்சீங்க? எழுதுங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு எழுதி அவளிடம் கொடுத்தார்.

அவள் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள், சத்தமாக.

"ம... ற... ந்... து... மறந்து. போ... ச்... சு."

உண்மையாகவே மறந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் அந்த வாசற்படியில் நின்றிருக்கக் கூடாது.